டைட்டஸ்வில்: எண்ணெய் ஒரு ஊரை என்ன செய்யும்?

கச்சா எண்ணெய் பேரல் ஒன்று இத்தனை டாலர் என்று தினமும் செய்தியில் கேட்கிறோம். அந்தப் பேரல் 42 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 159 லிட்டர். நாற்பது என்றோ ஐம்பது என்றோ இல்லாமல் இந்த 42 எங்கிருந்து வந்தது? 1866 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், டைட்டஸ்வில் என்ற ஊரில், எண்ணெய் எடுப்பவர்கள் சிலர் கூடிப் பேசி எடுத்த முடிவு அது. அதுவரை விஸ்கி பீப்பாய், மீன் பீப்பாய் என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் எண்ணெயை அடைத்து விற்றார்கள். வாங்குகிறவருக்கு அளவில் நம்பிக்கையே இல்லை. நாற்பது கேலனுக்குக் காசு, வழியில் ஒழுகிப்போவதற்கு ஈடாக இரண்டு கேலன் கூடுதல் என்று பேசி முடித்தார்கள். மரப் பீப்பாய்கள் போய்விட்டன, கணக்கு மட்டும் நிற்கிறது.

உலகத்துக்கே அளவு வகுத்துக் கொடுத்த அந்த ஊரில் இன்று ஐயாயிரம் பேருக்குச் சற்று மேல்தான் வசிக்கிறார்கள். எண்ணெய் கிடைத்தால் ஒரு ஊர் எப்படி எழும்புகிறது, எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது, எதனால் சில ஊர்கள் மட்டும் தப்பிப் பிழைக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. முதல் கிணறு, முதல் பணவெள்ளம், முதல் சரிவு எல்லாமே இந்த ஒரே பள்ளத்தாக்கில் நடந்திருக்கின்றன.

ஓடையில் மிதந்த எண்ணெய்

டைட்டஸ்வில் 1796-ல் உருவான ஊர். மரம் அறுப்பதுதான் பிழைப்பு. ஊரை ஒட்டி ஓடும் ஓடைக்கு ஆயில் க்ரீக் என்று பெயர். அது தெற்கே போய் ஆயில் சிட்டி என்ற இடத்தில் அலெகெனி ஆற்றில் கலக்கிறது. அந்த ஆறு பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் போகிறது. ஓடைத் தண்ணீரின் மேல் எண்ணெய் மிதப்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே அங்கே வாழ்ந்த செனகா பழங்குடி மக்கள் அந்த எண்ணெயை எடுத்துப் பூச்சுக்கும் மருந்துக்கும் பயன்படுத்தி வந்தார்கள். பிற்பாடு வந்தவர்கள் தண்ணீர் மேல் போர்வையை விரித்து, எண்ணெய் ஊறியதும் எடுத்துப் பிழிந்தார்கள். சாமுவேல் கியர் என்ற பிட்ஸ்பர்க் வியாபாரி, தன் உப்புக் கிணறுகளில் உப்புநீரோடு சேர்ந்து வந்த எண்ணெயைப் புட்டியில் அடைத்து மருந்தாக விற்றார்.

அந்தக் காலத்தில் எண்ணெயின் பெரிய பயன் வெளிச்சம்தான். நல்ல விளக்கு வேண்டுமென்றால் திமிங்கில எண்ணெய் வாங்க வேண்டும், அதன் விலையோ ஏறிக்கொண்டே போனது. நிலக்கரியிலிருந்து மண்ணெண்ணெய் வடிக்கும் முறையும் வந்துவிட்டிருந்தது. இந்த ஓடை எண்ணெயையும் அப்படி வடித்தால் என்ன என்று ஜார்ஜ் பிஸ்ஸல் என்ற வழக்கறிஞருக்குத் தோன்றியது. யேல் பல்கலைக்கழக வேதியியலாளர் பெஞ்சமின் சில்லிமன் ஜூனியரிடம் ஆய்வுக்குக் கொடுத்தார். 1855-ல் வந்த அறிக்கை, இதில் ஏறக்குறைய பாதியை விளக்கு எரிக்கும் எண்ணெயாக வடிக்கலாம் என்றது. சரி, போர்வையைப் பிழிந்து எத்தனை விளக்கு எரிக்க முடியும்? உப்புக் கிணறு தோண்டுவதுபோல எண்ணெய்க்கே துளை போட்டுப் பார்ப்பது என்று முடிவானது.

அதற்காக அனுப்பப்பட்டவர் எட்வின் டிரேக். ரயிலில் கண்டக்டராக இருந்து உடல்நலம் குன்றி வேலையை விட்டவர். ரயிலில் இலவசமாகப் போகும் பாஸ் அவரிடம் இருந்தது, அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஊர்க்காரர்கள் மரியாதை கொடுக்கட்டுமே என்று, முதலீட்டாளர் ஜேம்ஸ் டவுன்சென்ட் ‘கர்னல் டிரேக்’ என்று முகவரி எழுதி முன்கூட்டியே கடிதங்களை அனுப்பி வைத்தார். ராணுவத்துக்கும் டிரேக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் இன்றுவரை அவர் கர்னல்தான்.

அறுபத்தொன்பதரை அடி

டிரேக் செய்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எண்ணெய் எடுக்கும் தொழிலின் அடிப்படையே இங்குதான் இருக்கிறது. கனமான இரும்பு உளி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். நீராவி இயந்திரத்தால் ஆடும் ஒரு உத்தரம் அதைத் தூக்கித் தூக்கிப் போடும். பாறை இடித்துத் தூளாகும். அவ்வப்போது உளியை மேலே இழுத்துவிட்டு, சேற்றை அள்ளி வெளியே எடுப்பார்கள். உப்புக் கிணறு தோண்டிப் பழகிய வில்லியம் ஸ்மித் என்ற கொல்லரை டிரேக் வேலைக்கு வைத்தார். ஊர் அவரை ‘அங்கிள் பில்லி’ என்று கூப்பிட்டது.

ஓடைக் கரை ஆயிற்றே, மேலே முழுக்க மணலும் சரளையும். தோண்டத் தோண்டப் பக்கங்கள் சரிந்தன, தண்ணீர் நிரம்பியது. டிரேக்கின் பெரிய யோசனை இந்த இடத்தில்தான் வந்தது. பத்தடி நீள வார்ப்பிரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தரைக்குள் அடித்து இறக்கினார். 32 அடியில் கெட்டிப் பாறை தட்டுப்பட்டது. அதன்பிறகு உளி குழாய்க்குள்ளேயே இறங்கி வேலை செய்தது. மணலும் தண்ணீரும் வெளியே நின்றுவிட்டன. நாளுக்கு மூன்றடி வீதம் பாறைக்குள் இறங்கினார்கள். இன்று தண்ணீருக்குப் போர் போடும்போது முதலில் கேசிங் பைப் இறக்குகிறார்களே, அதே வேலைதான். இந்த முறைக்கு டிரேக் காப்புரிமை வாங்கவே இல்லை.

1859 ஆகஸ்ட் 27, சனிக்கிழமை. அறுபத்தொன்பதரை அடியில் உளி ஒரு வெடிப்புக்குள் நழுவி இறங்கியது. மறுநாள் ஞாயிறு, வேலை இல்லை. ஸ்மித் சும்மா எட்டிப் பார்த்தபோது குழாய்க்குள் எண்ணெய் மேலேறி நின்றது. இதற்குள் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் இருந்த, பணம் போட்டவர்கள் நம்பிக்கை இழந்திருந்தார்கள். கடன்களை அடைத்துவிட்டு வேலையை மூடிவிடுங்கள் என்று டவுன்சென்ட் எழுதிய கடிதம் டிரேக்கின் கைக்கு வந்து சேர்ந்தபோது எண்ணெய் கிடைத்துவிட்டிருந்தது.

உலகத்தின் முதல் எண்ணெய்க் கிணறு இதுதான் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியில்லை. பர்மாவின் ஏனான்ஜாங்கில் அதற்கு வெகுகாலம் முன்பே கையால் கிணறு வெட்டி எண்ணெய் எடுத்தார்கள். அஜர்பைஜானின் பாக்கூவிலும் கனடாவிலும்கூட டிரேக்குக்கு முன்பே கிணறுகள் உண்டு. டைட்டஸ்வில்லின் சிறப்பு வேறு: இந்தக் கிணற்றைப் பார்த்துத்தான் பணம், ஆள், இயந்திரம் எல்லாம் ஒரே மூச்சில் ஒரு பள்ளத்தாக்கில் வந்து குவிந்தன. எண்ணெய் ஒரு பெருந்தொழிலாக மாறியது அங்கேதான்.

எடுத்தவருக்கே சொந்தம்

அந்த அவசரம் ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். பூமிக்கடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கி நிற்பதில்லை. மணற்பாறையின் நுண்ணிய துளைகளுக்குள் ஊறிக் கிடக்கிறது. அதனோடு வாயுவும் அழுத்தத்தில் கரைந்திருக்கிறது. துளை போட்டால் அந்த அழுத்தம்தான் எண்ணெயைத் துளையை நோக்கித் தள்ளுகிறது. பாறை பல பண்ணைகளுக்கு அடியில் தொடர்ந்து போகும். மேலே இருக்கும் வேலியும் பத்திரமும் கீழே இருக்கும் எண்ணெய்க்குத் தெரியாது.

அப்படியென்றால் அந்த எண்ணெய் யாருக்குச் சொந்தம்? பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆயிரம் அடிக்குப் போர் போட்டால் நம் கிணறு வற்றிப்போகிறது அல்லவா, அதே சிக்கல். பென்சில்வேனியாவில் நிலைத்த விதி இது: உன் நிலத்தில் நீ துளை போட்டு, அதன் வழியாக எது மேலே வந்தாலும் உன்னுடையது, அது அடுத்தவர் நிலத்துக்கு அடியிலிருந்து நகர்ந்து வந்திருந்தாலும் சரி. 1889-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், தண்ணீரையும் எண்ணெயையும் வாயுவையும் காட்டு விலங்குகளோடு ஒப்பிட்டது. என் காட்டில் இருக்கும்வரை மான் என்னுடையது, உன் காட்டுக்கு ஓடி நீ பிடித்தால் உன்னுடையது என்பதுபோல.

இந்த ஒரு விதி மனிதர்களை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். பொறுத்திருப்பவருக்கு நஷ்டம். பக்கத்துக்காரர் ஒரு துளை போட்டால் நீங்கள் உடனே இரண்டு போட வேண்டும். விலை விழுந்தாலும் நிறுத்த முடியாது, நிறுத்தினால் உங்கள் எண்ணெய் அவர் குழாயில் போய்விடும். விவசாயிகள் பண்ணையை அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று துண்டு போட்டுக் குத்தகைக்கு விட்டார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு மரக் கோபுரம் எழுந்தது. அந்த ஆண்டுகளில் ஜான் மேத்தர் என்ற புகைப்படக்காரர் கண்ணாடித் தகடுகளில் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. மலைச் சரிவில் ஒரு மரம் மிச்சமில்லை, எங்கு பார்த்தாலும் கோபுரம், கோபுரத்தை ஒட்டிக் கோபுரம், கீழே சேறு.

அதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. 1860-ன் தொடக்கத்தில் பேரல் இருபது டாலரை ஒட்டி விற்ற எண்ணெய், 1861-ன் கடைசியில் பத்து சென்ட்டுக்கு வந்துவிட்டது. எண்ணெயைவிட அதை அடைக்கும் காலிப் பீப்பாய்க்கு அதிக விலை. தானாகப் பீறிட்டு வரும் கிணறுகள் 1861-ல்தான் கிடைக்க ஆரம்பித்தன. அவற்றில் ஒன்று அந்த ஏப்ரலில் ஹென்றி ரவுஸ் என்பவரின் இடத்தில் தீப்பிடித்து 19 பேர் இறந்துபோனார்கள். ரவுஸும் அதில் ஒருவர். தீக்காயத்தோடு கிடந்தபடியே உயில் சொல்லி எழுத வைத்து, சொத்தின் பெரும்பகுதியை வாரன் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம்போல) சாலைகளுக்கும் ஏழைகளுக்கும் விட்டுப்போனார். அவர் பெயரில்தான் ரவுஸ்வில் என்ற சிற்றூர் இருக்கிறது.

பண இழப்போடு இது முடியவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் துளை போட்டால் வாயு முதலில் வெளியேறிவிடும். வாயு போனால் அழுத்தம் போச்சு. அழுத்தம் போனால் எண்ணெயில் பெரும்பங்கு பாறைக்குள்ளேயே தங்கிவிடும். அதாவது, அவசரமே கிணற்றைக் கொன்றது. இதை அன்று யாரும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. கிணறு வற்றினால் அடுத்த பண்ணைக்குப் போனார்கள்.

பிட்ஹோல்: எழுந்து விழுந்த ஊர்

டைட்டஸ்வில்லிலிருந்து சில மைல் தள்ளி பிட்ஹோல் என்ற இடம். 1865 ஜனவரியில் அங்கே ஒரு காட்டுப் பண்ணையில் எண்ணெய் பீறிட்டது. செப்டம்பருக்குள் சுமார் 15,000 பேர் குடியேறிவிட்டார்கள்! உள்நாட்டுப் போர் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்கள், கையில் காசோடு வந்த நியூயார்க்காரர்கள், வண்டிக்காரர்கள், சூதாடிகள் என்று எல்லாத் தரப்பும் வந்தது. ஐம்பதுக்கு மேல் ஹோட்டல்கள். எல்லாமே பச்சை மரத்தில் அவசரமாக அடித்த கட்டிடங்கள், தெருவில் முழங்கால் சேறு.

அப்புறம் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின, தீ விபத்துகள் வரிசையாக வந்தன. 1870 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் முந்நூறு பேருக்கும் குறைவு. 1877-ல் ஊர் என்ற அந்தஸ்தே ரத்தானது. 1879-ல் கவுண்டி நிர்வாகம் அந்த நிலத்தை 4 டாலர் 37 சென்ட்டுக்கு வாங்கியது. இன்று அங்கே போனால் புல்வெளியில் புல்லை வெட்டித் தெருக்களைக் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பிட்ஹோலில் போன்டா ஹவுஸ் என்ற பெரிய ஹோட்டல் இருந்தது. ஊர் சரிந்தபின் எண்ணெய்த் தொட்டி செய்யும் ஃபிராங்க்ளின் டார்பெல் என்பவர் அதை 600 டாலருக்கு வாங்கிப் பிரித்து, கதவு, ஜன்னல், மரமெல்லாம் டைட்டஸ்வில்லுக்கு ஏற்றிவந்து தனக்கொரு வீடு கட்டினார். அந்த வீடு இப்போதும் நிற்கிறது. அதில் வளர்ந்த மகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

டைட்டஸ்வில் ஏன் தப்பியது?

பிட்ஹோலில் எண்ணெய் மட்டும்தான் இருந்தது. டைட்டஸ்வில்லில் எண்ணெயைக் கையாளத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஊர் நிலைத்ததற்கு இந்த வித்தியாசம்தான் காரணம் என்பது என் கருத்து.

முதல் தலைவலி போக்குவரத்து. ஆரம்பத்தில் குதிரை வண்டிக்காரர்கள்தான் எல்லாம். அவர்கள் சொன்னதுதான் கூலி. ஓடையில் தண்ணீர் குறைவு என்பதால், மேலே அணைகளில் தண்ணீரைத் தேக்கி, குறித்த நாளில் ஒரேயடியாகத் திறந்துவிடுவார்கள். அந்த வெள்ளத்தில் நூற்றுக்கணக்கான படகுகள் பீப்பாய்களோடு ஆயில் சிட்டி நோக்கிப் பாயும். மோதி உடைந்து ஓடை முழுக்க எண்ணெயாவதும் வழக்கம்தான். 1862-ல் ரயில் டைட்டஸ்வில்லை எட்டியது. பிட்ஹோல் போன்ற இடங்களிலிருந்து ரயில் நிலையம்வரை மட்டும் இன்னும் வண்டிதான். 1865-ல் சாமுவேல் வான் சைக்கல் இரண்டங்குலக் குழாயை ஐந்து மைல் தூரத்துக்குப் போட்டு, பம்பு வைத்து எண்ணெயைத் தள்ளினார். வண்டிக்காரர்கள் இரவில் குழாயை உடைத்தார்கள். அவர் துப்பாக்கியோடு காவல் போட்டார். அன்றைக்கு உயிர் பிழைத்த அந்தக் குழாயின் வாரிசுகள்தான் இன்று கண்டங்களைக் கடந்து ஓடும் பைப்லைன்கள்.

அதே ஆண்டில் டென்ஸ்மோர் சகோதரர்கள் ரயில் பெட்டியின் தளத்தில் இரண்டு பெரிய மரத் தொட்டிகளைப் பொருத்தி எண்ணெய் ஏற்றினார்கள். ரயில் டேங்கர் வண்டியின் தொடக்கம் அதுதான். அந்தச் சகோதரர்களில் ஜேம்ஸ் டென்ஸ்மோர் பிறகு தட்டச்சு இயந்திரத்தில் பணம் போட்டார், நம் கீபோர்டின் எழுத்து வரிசை அந்த இயந்திரத்தோடு வந்தது.

எட்வர்ட் ராபர்ட்ஸ் என்பவர் வற்றிய கிணறுகளுக்கு ஒரு வைத்தியம் கொண்டுவந்தார். வெடிமருந்துக் குழலைக் கிணற்றின் அடிக்கு இறக்கி, மேலே தண்ணீரை நிரப்பி வெடிப்பது. தண்ணீர் மூடிபோல அழுத்துவதால் வெடியின் வேகம் பக்கவாட்டில் பாறையைப் பிளக்கும். எண்ணெய் மறுபடி ஓடும். முதலில் கருமருந்து, பிறகு நைட்ரோகிளிசரின். காப்புரிமைக் கட்டணம் கொடுக்க மனமில்லாதவர்கள் இரவு நேரத்தில் திருட்டுத்தனமாக வெடிக்க ஆள் வைத்தார்கள், அதில் செத்தவர்களும் உண்டு. இன்று நீரைப் பாய்ச்சிப் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறைக்கு இதை மூதாதை என்று தாராளமாகச் சொல்லலாம்.

வீட்டு அலமாரியில் இருக்கும் வாசலீன்கூட இங்கே பிறந்ததுதான். ராபர்ட் செஸ்பரோ என்ற இளம் வேதியியலாளர் 1859-ல் டைட்டஸ்வில் வந்தபோது, பம்புக் கம்பிகளில் ஒட்டும் மெழுகுபோன்ற பிசினைத் தொழிலாளர்கள் வெட்டுக்காயத்தில் பூசுவதைப் பார்த்தார். அதைச் சுத்தம் செய்து 1872-ல் காப்புரிமை பெற்றார்.

இப்படி இயந்திரப் பட்டறை, கொதிகலன் தொழிற்சாலை, சுத்திகரிப்பு ஆலை, வங்கி, எண்ணெய் விலை பேசும் சந்தை என்று ஊர் விரிந்தது. பக்கத்து எண்ணெய் வயல் வற்றினாலும் வேலை இருந்தது. ஆனால் அதே காரணத்தால்தான் இந்த ஊர் பெரிய கண்களிலும் பட்டது. 1872-ல் ரயில் கம்பெனிகளும், ஜான் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் உள்ளிட்ட சில சுத்திகரிப்பாளர்களும் ரகசியமாக ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். எல்லாருக்கும் ரயில் கட்டணம் உயரும். கூட்டாளிகளுக்கு மட்டும் பணம் திரும்பி வரும். அதைவிட மோசம், போட்டியாளர் கட்டும் கட்டணத்திலிருந்தும் ஒரு பங்கு கூட்டாளிகளின் பைக்குப் போகும். செய்தி கசிந்ததும் டைட்டஸ்வில்லில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அந்தக் கூட்டுக்கு எண்ணெய் விற்பதையே நிறுத்தினார்கள். சில வாரங்களில் ஒப்பந்தம் ரத்தானது. ஆனால் அதற்குள் போட்டி ஆலைகள் பலவற்றை ராக்ஃபெல்லர் வாங்கிவிட்டிருந்தார், பிறகு மிச்சத்தையும் ஒவ்வொன்றாக வாங்கினார்.

போராட்டத்தில் நின்ற ஃபிராங்க்ளின் டார்பெல்லின் மகள் ஐடா டார்பெல் அப்போது பதின்வயதுப் பெண். முப்பது ஆண்டுகள் கழித்து, 1902 முதல் 1904 வரை, மெக்ளூர்ஸ் பத்திரிகையில் ஸ்டாண்டர்டு ஆயிலின் வரலாற்றை நீதிமன்ற ஆவணங்களையும் சாட்சியங்களையும் வைத்துத் தொடராக எழுதினார். 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கச் சொன்னது. ஆதாரத்தைத் தோண்டி எடுத்து எழுதும் புலனாய்வு இதழியலுக்கு அவரை முன்னோடியாக வைப்பது முற்றிலும் தகும். எண்ணெய் கிடைத்த ஊர் எது என்பதைவிட, அவரை உருவாக்கிய ஊர் எது என்று நினைவில் வைத்துக்கொள்வதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

டிரேக்கின் முடிவு வேதனையானது. இருந்த கொஞ்சப் பணத்தையும் ஊக வணிகத்தில் இழந்தார். 1873-ல் மாநிலம் ஆண்டுக்கு 1,500 டாலர் உதவித்தொகை கொடுத்தது, 1880-ல் காலமானார். ஸ்டாண்டர்டு ஆயில் அதிகாரி ஒருவரின் செலவில் டைட்டஸ்வில்லில் நினைவுச் சின்னம் எழுந்ததும், டிரேக்கின் உடலும் 1902-ல் அங்கே கொண்டுவரப்பட்டது.

1892 ஜூனில் ஆயில் க்ரீக் பெருக்கெடுத்தது. தொட்டிகள் உடைந்து பென்சின் என்ற, பெட்ரோல்போல எளிதில் தீப்பற்றும் எண்ணெய் வெள்ளத்தின் மேல் பரவி, தீப்பிடித்தது. டைட்டஸ்வில், ஆயில் சிட்டி இரண்டிலுமாக நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மேத்தரின் கண்ணாடித் தகடுகளில் ஏராளமானவை அந்த வெள்ளத்தில் போய்விட்டன. அதற்கு முந்தைய ஆண்டில்தான் பென்சில்வேனியாவின் உற்பத்தி உச்சம் தொட்டிருந்தது, வருடத்துக்கு மூன்று கோடி பேரலுக்கு மேல். 1901-ல் டெக்சஸில் ஸ்பின்டில்டாப் பீறிட்டதும் பெரும்பணம் தெற்கே போனது. இந்தப் பகுதி எண்ணெய் மெழுகுத்தன்மை கூடியது, இன்ஜின் ஆயிலுக்கு அருமையானது. அதை வைத்து ஆயில் சிட்டி வட்டாரம் இன்னும் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. அங்கே தலைமையகம் வைத்திருந்த க்வேக்கர் ஸ்டேட் நிறுவனமும் 1995-ல் டெக்சஸுக்குப் போய்விட்டது.

யாருமற்ற கிணறுகள்

இன்று ஆயில் க்ரீக் பள்ளத்தாக்கு ஒரு மாநிலப் பூங்கா. மரங்கள் திரும்ப வளர்ந்து அடர்ந்திருக்கின்றன, ஓடையில் மீன் பிடிக்கிறார்கள், பழைய பாதையில் சுற்றுலா ரயில் ஓடுகிறது. டிரேக் கிணறு இருந்த இடத்தில் அருங்காட்சியகம். ரவுஸ்வில் பக்கத்தில் 1861-ல் தோண்டிய மெக்ளின்டாக் கிணறு இன்னமும் கொஞ்சம் எண்ணெய் தருகிறது.

ஆனால் அந்தக் காட்டுக்கு அடியில் கணக்கு இன்னும் முடியவில்லை. 1859 முதல் பென்சில்வேனியாவில் போட்ட துளைகள் லட்சக்கணக்கில். தொடக்க காலத்தில் எங்கே போட்டோம் என்று பதிவு செய்யும் கட்டாயமே இல்லை, வற்றினால் மூட வேண்டும் என்ற சட்டமும் இல்லை. போட்டவர்கள் போய்ச் சேர்ந்து நூறாண்டுக்கு மேலாகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இரும்புக்காகப் பல கிணறுகளின் குழாய்களை உருவி எடுத்துவிட்டார்கள், வெறும் துளை மட்டும் மிஞ்சியது. அவற்றின் வழியாக மீத்தேன் காற்றில் கலக்கிறது, உப்புநீரும் எண்ணெயும் நிலத்தடி நீருக்குள் கசிகிறது. காந்தமானி கட்டிய ஹெலிகாப்டரையும் ட்ரோனையும் பறக்கவிட்டுத் தேடுகிறார்கள்; உள்ளே இரும்பு இருந்தால் கருவி காட்டிக்கொடுக்கும், இல்லாவிட்டால் ஆட்கள் காட்டுக்குள் நடந்துதான் பார்க்க வேண்டும். கண்டுபிடித்த கிணற்றைச் சுத்தம் செய்து, அடியிலிருந்து மேல்வரை சிமென்ட்டால் அடைக்க வேண்டும். உரிமையாளர் இல்லாத இத்தகைய கிணறுகளை நாடு முழுவதும் மூடுவதற்கு 2021-ல் அமெரிக்க அரசு ஒதுக்கிய தொகை 470 கோடி டாலர். எடுத்தவருக்கே சொந்தம் என்ற விதியில் எண்ணெய் தனியாருக்குப் போனது, மூடும் செலவு மக்களின் வரிப்பணத்தில் நடக்கிறது.